வரைபடத்தில் பற்றைக்காடு

ஹபீபா மலைக்குப் போய் மரங்களுக்கு சலாம் சொல்கிறாள் என்ற கதை மெல்பேர்னின் டண்டினொங் சந்தையில், மீன்கடை வரிசையில் பிறந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி பின்னால் நின்றவளுக்குச் சொன்னாள். அவள் குர்ஆன் வகுப்பில் இரண்டு பேருக்குச் சொன்னாள். கதை கைமாறி ஃபாஹிமாவின் காதுக்கு வந்து சேர்ந்தபோது மரங்கள் சலாத்துக்குப் பதிலும் சொல்லத் தொடங்கியிருந்தன.

ஃபாஹிமா, ஹபீபாவின் கணவர் ரஷீதுடைய தங்கை. கேள்விப்பட்ட எதையும் ஓர் இரவு வயிற்றில் வைத்திருக்க முடியாதவள். அன்று மாலையே நோபிள் பார்க்கிலிருந்து பஸ் பிடித்து வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"மச்சி, சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமா? வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தியோட மலைக்குப் போய் மரத்தத் தொட்டுத் தொட்டு என்னவோ ஓதுறீங்களாம். ஒரு மரத்துக்கு ஒரு எழுத்தாம்."

"ஆர் கண்டது?"

"எனக்குச் சொன்னவவுக்கு வேற ஆரோ சொன்னது."

"மரம் பதிலும் சொன்னதாமா?"

"பகிடி விடாதீங்க மச்சி." அண்ணன் பக்கம் திரும்பினாள். "காக்கா, நீங்களும் ஒண்டும் கேக்கிறல்லயா?"

ரஷீத் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "வீட்டில எனக்குச் சொல்லாத சலாத்த மரத்துக்காவது சொல்லட்டுமே" என்றார்.

கதையில் பாதி உண்மை. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை ஹபீபா டண்டினொங் மலைத்தொடருக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். கூட்டிப் போனவள் கட்ரீனா. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலுக்குள் தனித்துக் கிடக்கும் லூயிஸ் தீவில் பிறந்தவள். அவளுடைய தாய்மொழி ஆங்கிலமில்லை, கேலிக். அந்த மொழியைப் படிக்க ஆசைப்பட்ட ஏழெட்டுப் பேர் மெல்பேர்னில் இருந்தார்கள். அவர்களை வகுப்பறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க கட்ரீனா ஒத்துக்கொள்ளவில்லை. ஈரமும் சரிவும் பாசியும் ஓடையும் இல்லாத இடத்தில் அந்த மொழி வாயில் நிற்காது என்பது அவள் பிடிவாதம்.

கேலிக் எழுத்துகளுக்கு மரங்களின் பெயர்கள். முதல் எழுத்து எல்ம், இரண்டாவது பேர்ச், மூன்றாவது ஹேசல். மலைச்சரிவில், வெள்ளைக்காரர் ஒரு காலத்தில் நட்டுவைத்த பேர்ச்சும் ஓக்கும் இன்னும் நின்றன. அவற்றின் அடியில் ஒவ்வொருவராக நின்று அந்தந்த எழுத்தை உரத்துச் சொல்லவேண்டும். முக்காடு போட்ட ஒரு பெண் வெள்ளைப் பட்டையில் கை வைத்து வாய்விட்டு எதையோ சொல்வதை, காரில் போன ஏதோ ஒரு குடும்பம் கண்டுவிட்டது. மீன்கடை வரிசைக்கு அது போதும்.

அந்தக் கூட்டத்துக்குள் ஹபீபா எப்படிப் போய் விழுந்தாள் என்று சொல்வதானால் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கவேண்டும். சோனகத் தெருவில் பிறந்தவள். அங்கேயே படித்து, நாலு வீடு தள்ளி, அத்தர்க்காரர் ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்துப் போனவள். ரஷீதின் வாப்பாவுக்கு இரும்புக்கடை இருந்தது. 1990 ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள், முஸ்லிம்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டுமென்று அப்போது ஊரை ஆண்ட தமிழ்ப் போராளி இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. போனார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விடவேண்டும் என்று அங்கே சொன்னார்கள். சந்தியில் நின்ற பெடியன்கள் நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். ஹபீபாவின் தோட்டைக் கழற்றியவன் "குறை நினையாதேங்கோ அக்கா" என்றான். அந்த ஒரு சொல்தான் அவளுக்கு இன்றுவரை பொறுக்காது. ஏசியிருந்தானென்றால் எப்போதோ மறந்திருப்பாள்.

பிறகு புத்தளத்தில் உப்புக் காற்றடிக்கும் ஓலைக் கொட்டில். மாமி அங்கேதான் மௌத்தாகி அடக்கமானார். பிறகு ரஷீதின் காக்கா தயவில் மெல்பேர்ன். ரஷீத் டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஹபீபா ஏதோ சான்றிதழ் படிப்புப் படித்து, நூலகம் ஒன்றின் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லோரும் அன்பாகப் பழகினார்கள். ஒருவருக்காவது ஸ்ரீலங்கா என்ற சொல்லுக்கு உள்ளே எட்டிப்பார்க்கவேண்டும் என்று தோன்றியதில்லை.

கட்ரீனா ஒரு நாள் அந்தக் கவுண்டருக்கு ஒரு விளம்பரத் தாளோடு வந்தாள். அறிவிப்புப் பலகையில் குத்தவேண்டும்.

"எந்த ஊர் நீ?"

"ஸ்ரீலங்கா."

"அது நாடு. நான் ஊரைக் கேட்டேன்."

"யாழ்ப்பாணம்."

"அதில் எந்தத் தெரு?"

ஹபீபா ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். கிழவி விடவில்லை. தங்கள் தீவில் புது முகம் எதைக் கண்டாலும் "கோ லேஷ் ஊ" என்றுதான் கேட்பார்கள், நீ யாருடைய ஆள் என்று அர்த்தம் என்றாள். ஹபீபாவுக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்திலும் "நீர் ஆற்ற மகள்?" என்றுதான் தொடங்குவார்கள்.

"எங்கள் ஊரில் அதை நல்ல நோக்கத்தோடு யாரும் கேட்பதில்லை" என்றாள்.

"எங்கள் ஊரில் மட்டும் கேட்டார்களா?" என்றாள் கட்ரீனா. "சனிக்கிழமை வா. சப்பாத்து நல்லதாகப் போட்டுக்கொண்டு வா."

போனாள். முதல் மாதங்களில் மொழியைவிடக் கண்தான் அதிகம் படித்தது. கூர் முனை மலைக்கு ஒரு பெயர், மாட்டின் முதுகுபோல நீண்டு கிடப்பதற்கு ஒன்று, உருண்டு திரண்டு நிற்பதற்கு இன்னொன்று. "மலை என்று பொதுவாகச் சொல்கிறவன் மலையில் ஆடு தொலைத்ததில்லை" என்பாள் கட்ரீனா. "கொரொம்" என்ற சொல்லுக்கு நீலம் என்று அகராதி சொன்னது. ஆனால் செழித்த புல்லையும் அந்தச் சொல்லால்தான் சொல்லவேண்டும். யூக்கலிப்டஸ் இலையின் சாம்பல் படிந்த பச்சைக்கு வேறொரு சொல், "க்லஸ்". அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் நின்ற மரங்களுக்கு இந்த நாட்டில் மலை ஆஷ் என்று பெயர். "இது ஆஷ் இல்லை, ஆஷுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை" என்று கட்ரீனா அதன் பட்டையைக் கைத்தடியால் தட்டுவாள். "ஊர் நினைவு தாங்காத எவனோ வைத்த பொய்ப் பெயர்."

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. குடைபோல விரிந்த மரப் பன்னங்களின் கீழ் ஒதுங்கி நின்று தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். அன்றைக்குத்தான் கட்ரீனா ரோவன் மரத்தின் கதையைச் சொன்னாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் இருந்த ஊரை நிலச் சொந்தக்காரன் காலி செய்தான். செம்மறிக்கு நிலம் வேண்டியிருந்தது. ஆட்கள் வந்து கூரைகளை இழுத்து விழுத்தினார்கள். சுவர்க் கற்களை ஆட்டுப்பட்டி கட்ட எடுத்துப் போனார்கள். தீய கண் படாமலிருக்க ஒவ்வொரு வாசலிலும் நட்டிருந்த ரோவன் மரத்தை மட்டும் வெட்டப் பயந்து விட்டுவிட்டார்கள். "இன்றைக்கும் போனால் தெரியும். மரத்தில் முதுகு வைத்து நில். உன் கால் வாசற்படியில் இருக்கும். மனிதர் இருந்த இடத்தில் புல் கொரொம் ஆக இருக்கும். ஆனால் வரைபடம் கீற வந்தவன் பெயர் கேட்க ஆளில்லாமல் வெறும் தாளாக விட்டுவிட்டுப் போனான். எங்களை இரண்டு தரம் கலைத்தார்கள். முதல் தரம் ஆளை. இரண்டாம் தரம் பெயரை."

ஹபீபா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கள் வளவில் கிணற்றடியில் மருதோன்றி நின்றது" என்றாள். "எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் நின்றது. பெருநாளைக்கு இலையை அரைத்துக் கையில் பூசுவோம்."

"அப்படியானால் அதுதான் உங்கள் ரோவன்."

ஹபீபா கேட்டாள். "இந்த மலைக்கு, உங்கள் ஆட்கள் வர முதல் இருந்தவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள்?"

கட்ரீனா ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். "தெரியாது."

"கேட்கவில்லையா?"

"எங்கள் ஆட்கள் இங்கே வந்து செம்மறி வளர்த்தார்கள்" என்றாள் கிழவி. அவ்வளவுதான். கைத்தடியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துப் பாதையில் முன்னால் நடந்தாள்.

யோகேஸ்வரன் அந்த வருஷம் குளிர் தொடங்கும்போது வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர். இங்கே ஒரு கட்டுமானக் கொம்பனியில் வரைபடம் கீறுகிற வேலை. டொக்டர் நடக்கச் சொன்னதாலும், ஊர்ப் பெயர்களில் பைத்தியம் இருந்ததாலும் வந்தேன் என்றார். முக்காட்டைக் கண்டதும் முதலில் ஆங்கிலத்தில் கதைத்தார். ஹபீபா "மழை வரப்போகுது" என்று தமிழில் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"தங்கச்சி யாழ்ப்பாணமோ?"

"ஓம். சோனகத் தெரு."

"அங்க எவடம்?"

"அத்தர்க்காரர் ஒழுங்கை."

யோகேஸ்வரன் நடப்பதை நிறுத்தினார். "அது நான் அளந்த ஒழுங்கை எல்லே! எண்பத்தேழில சங்கிலியும் கொண்டு வந்தனான். கடைசி வளவில கிணறு, பக்கத்தில பெரிய மருதோன்றி. எல்லைக் கல்லு அந்த வேருக்குள்ள போயிட்டுது. முழங்காலில இருந்து கிண்டி எடுத்தனான். ஒரு மனிசி தேசிக்காய்த் தண்ணி தந்தவ."

"அது எங்கட மாமி" என்றாள் ஹபீபா. தேசிக்காயின் புளிப்பு, மாமியின் வளையல், கல்லைக் கிண்டிய அந்த இளந்தாரி, எல்லாவற்றுக்கும் சாட்சியாக உலகத்தில் இன்னொரு ஆள் இருந்திருக்கிறார். அதுவும் இதே மெல்பேர்னில், கிளென் வேவர்லியில்.

அவர் வண்ணார்பண்ணை. இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு வீதிதான். அன்றிலிருந்து கட்ரீனா முன்னால் கேலிக் பேசிக்கொண்டு போக, இவர்கள் பின்னால் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்துக்கொண்டு போனார்கள். "பின்வாங்கில் சத்தம்!" என்று கிழவி வகுப்பு ஆசிரியைபோல அதட்டுவாள்.

"தங்கச்சி, இந்த கிளென் எண்டது இவையின்ர ‘க்லௌன்’ தானாம். மலைக்கு நடுவில இருக்கிற ஒடுக்கப் பள்ளத்தாக்காம். பத்து வருஷமா இருக்கிறன், ஒரு பள்ளம் கண்ணில படேல்ல."

"அப்ப என்னத்துக்கு அங்க வீடு வாங்கினீங்க அண்ணை?"

"ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடம் மலையா நிக்குது. தாட்சாயினி விடுவாவோ?" தாட்சாயினி அவர் மனைவி.

ஐந்திணையைப் பற்றி அவர் கட்ரீனாவுக்கு விளக்கியபோது கிழவி கைத்தடியை ஊன்றி நின்று கேட்டாள். மனிதனின் மனசையும் நிலத்தையும் ஒரே பெயரால் கூப்பிடுகிற இன்னொரு கூட்டம் இருக்கிறதா என்று வியந்தாள். அந்த வியப்பில்தான் அடுத்த மே மாதம் ஒரு கண்காட்சி வைக்கவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் மண்ணின் பெயர்களை வரைபடமாகக் கீறவேண்டும். பிறகு அதைச் சிறு புத்தகமாகப் போடலாம். "நீங்கள் இருவரும் ஒரே ஊர். ஒரே படம் செய்யுங்கள்."

கோடை முழுவதும், வேலை முடிந்தபின், நூலகத்துப் பின்மேசையில் இருவரும் இருந்தார்கள். ஹபீபா சொல்வாள், அவர் எழுதுவார். தையல் மெஷின்கள் வரிசையாக இருந்த முடக்கு. நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகை. மழைக்குத் தண்ணீர் தேங்கி, பிள்ளைகள் வாழைத் தண்டில் மிதக்கிற பள்ளம். ஜாம் மரத்தடி. ஒரு பெயரைச் சொல்லும்போது இன்னொன்று தானாக வந்து விழுந்தது. வீட்டுக்கு வந்து சமைக்கும்போதும் அவள் வாய் முணுமுணுத்தது.

"அந்தாள் இதெல்லாம் எழுதுவாரெண்டு நினைக்கிறியா?" என்றார் ரஷீத்.

"எழுதினவர். நான் பக்கத்தில இருந்து பாத்தனான்."

"பென்சிலாலயா, பேனையாலயா?"

"எல்லாத்துக்கும் ஒரு குத்தல் உங்களுக்கு."

"நான் ஃபோர்க்லிஃப்ட்காரன். சும்மா கேட்டன்."

2011 மே மாதம், நூலகத்தை ஒட்டிய மண்டபத்தில் கண்காட்சி தொடங்கியது. ஹபீபா புது முக்காடு போட்டுக்கொண்டு ரஷீதையும் இழுத்துக்கொண்டு போனாள். ஃபாஹிமாவையும் வரச் சொல்லியிருந்தாள், மரத்துக்கு ஓதியதன் பலனை நேரில் வந்து பார்க்கட்டும் என்று.

யாழ்ப்பாணத்துப் படம் சுவரின் நடுவில் இருந்தது. அழகென்றால் அவ்வளவு அழகு. கறுப்பு மையில் மயிரிழைபோலக் கோடுகள், தமிழிலும் கேலிக்கிலும் பெயர்கள். வண்ணார்பண்ணையில் ஒரு கிணறு தப்பவில்லை. யோகேஸ்வரனின் வீடு ஓட்டுக் கூரையோடும் பலா மரத்தோடும் நின்றது. ஹபீபாவின் விரல் வீதியைத் தாண்டியது. தாண்டிய இடத்தில் வீடில்லை, ஒழுங்கையில்லை, பள்ளிவாசலில்லை. சின்னச் சின்னப் புல் குஞ்சங்கள் வரிசை வரிசையாக இருந்தன. கடலேரிவரை அதே குஞ்சங்கள். ஆளில்லாமல் புதர் மண்டிய பற்றைக்காட்டுக்கு நில அளவைக்காரர் போடுகிற குறி அது என்று அவரே அவளுக்கு ஒரு நாள் காட்டிக் கொடுத்திருந்தார்.

யோகேஸ்வரன் பக்கத்தில்தான் நின்றார். அவரோடு வரதராஜா, அவருடைய தமிழ்ச் சங்கத்தின் தலைவர், தேநீரும் கையுமாக.

"அண்ணை, எங்கட தெரு எங்க?"

"பிறகு கதைப்பம் தங்கச்சி."

"இப்ப கதைப்பம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அங்க இப்ப பத்தைதானே. போய் வந்த ஆக்கள் ஃபோட்டோ காட்டினவை. நில அளவைக்காரன் இருக்கிறதைத்தான் கீறலாம்."

அது பொய்யில்லை. அந்தப் படங்களை ஹபீபாவும் பார்த்திருந்தாள். அதனால்தான் நெஞ்சு இன்னும் எரிந்தது.

"உங்கட வீடு தொண்ணூற்றைஞ்சில குண்டு விழுந்து தரைமட்டமாப் போச்செண்டு நீங்கதான் சொன்னீங்க. அது எப்படி இதில ஓட்டோட நிக்குது? பலாவும் காய்ச்சிருக்குப் போல?"

வரதராஜா முன்னே வந்தார்.

"பிள்ளை, இது மே மாசம். கடைசிச் சண்டையில அங்க செத்ததுகளை நாங்கள் இன்னும் அழுது முடிக்கேல்ல. இப்ப வெள்ளைக்காரனுக்கு முன்னால இதையும் கிண்டுறதோ? ஏன் பத்தையாக் கிடக்கு, ஆர் கலைச்சதெண்டு கேப்பான். பிறகு எங்கட நியாயத்தை ஆர் காது குடுத்துக் கேப்பான்?"

"செத்ததுக்கு நானும்தான் அழுதனான். உங்கட ஊர்வலத்தில கடைசி வரிசையில நானும் இவரும் நடந்தனாங்க. எந்த மாசம் கிண்டினா உங்களுக்கு வசதி? சொல்லுங்க, குறிச்சு வைக்கிறன்."

"அநியாயம் எல்லாருக்கும்தானே நடந்தது."

"நடந்ததா? செஞ்சதா?"

"வா, போவம்" என்றார் ரஷீத், அவள் முழங்கையைத் தொட்டு.

யோகேஸ்வரன் அவளைப் பார்க்காமல் சொன்னார். "முதல் படத்தில எல்லாம் கீறினனான் தங்கச்சி, சத்தியமா. சங்கத்தால உவை வந்து பாத்திட்டு... எனக்கு மகளின்ர கலியாணம் இருக்கு. நான் இந்தச் சனத்துக்குள்ளதான் சீவிக்கோணும்."

"நாங்களும் ஒரு சனத்துக்குள்ளதான் சீவிச்சனாங்க, அண்ணை."

சத்தம் கேட்டுக் கட்ரீனா வந்தாள். குறியீடு சம்பந்தமாக ஒரு சின்ன அபிப்பிராய பேதம் என்று யோகேஸ்வரன் ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னார். ஹபீபாவுக்கும் ஆங்கிலம் உண்டு. யார் இருந்தார்கள், யார் கலைத்தார்கள், இந்தக் குஞ்சங்கள் எதன்மேல் முளைத்திருக்கின்றன என்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். கிழவி படத்தைப் பார்த்தாள். பிறகு மண்டபத்தைப் பார்த்தாள். நகரசபைக்காரர்கள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்றைக்கு வேண்டாம், ஹபீபா" என்றாள்.

வருகையாளர் பதிவு மேசையில் பேனை இருந்தது. ஹபீபா அதை எடுத்து வந்தாள். காட்சிக்கு வைத்த பொருளில் விரல்கூடப் படக்கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளைத் தடுத்த கை, குஞ்சங்களுக்கு மேலே தமிழில் எழுதியது. சோனகத் தெரு. அடுத்து அத்தர்க்காரர் ஒழுங்கை. மூன்றாவது பெயரின் பாதியில் பேனை மை கக்கிற்று. "படத்தைப் பழுதாக்கிப்போட்டா!" என்று வரதராஜா கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அன்று பின்னேரமே படத்தைக் கழற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை நூலகத்தில் மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, மிகவும் மரியாதையாக, ஓர் எச்சரிக்கை கொடுத்தார். ஃபாஹிமா ஒரு கிழமை வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அது முதல் தடவையாக இருக்கலாம்.

ஓகஸ்டில் புத்தகம் வந்தது. கட்ரீனா நேரில் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். யாழ்ப்பாணம் இருக்கவேண்டிய பக்கத்தில் யூக்கலிப்டஸ் இலை ஒன்றின் படம் இருந்தது.

"இரண்டு பேர் மனமும் நோகக்கூடாது என்று இரண்டையும் எடுத்துவிட்டேன்" என்றாள்.

ஹபீபா அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தெருவைக் கேட்கப் போய் முழு ஊரும் போயிற்று. வண்ணார்பண்ணைக் கிணறுகளும் போயின. அதில் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் வந்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"ரோவன் மரக் கதையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்" என்றாள்.

கட்ரீனா கேலிக்கில் ஏதோ சொன்னாள். ஹபீபா அர்த்தம் கேட்கவில்லை. புத்தகத்துக்கு முத்திரை குத்தி, தட்டில் அடுக்கினாள்.

மலைக்குப் போவது அதோடு நின்றது. ஹபீபா மார்க்கத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஃபாஹிமா வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தாள்.

அடுத்த வருஷம் ஜூலையில் ரஷீத் யாழ்ப்பாணம் போனார். காணியைத் துப்புரவாக்கி ஒரு பலகையாவது நட்டுவிட்டு வருவதாகச் சொல்லித்தான் போனார். போய் நாலாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வீட்டு ஃபோன் அடித்தது. ரஷீதின் குரலுக்குப் பின்னால் ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"பக்கத்து வளவ ஆரோ வாங்கியிருக்கானுகள். மெஷின் கொண்டுவந்து பத்தை வெட்டுறானுகள். எங்கட பக்கமும் சேத்து வெட்டி வேலி போடப் பாக்கிறானுகள். ஒரு மணித்தியாலத்தில சர்வேயர் வாறாராம். எல்லை எதெண்டு காட்டச் சொல்றாங்க."

"காணி உறுதி இருக்குதானே?"

"உறுதியில நீளம் அகலம் இருக்கு. எங்க இருந்து அளக்கிறது? நிலத்தில ஒரு அடையாளம் இல்ல. ஒழுங்கையே இல்ல, ஹபீபா. எங்க நிக்கிறனெண்டே எனக்குத் தெரியல்ல."

"கிணத்தடி மருதோன்றியப் பாருங்க. அதுக்குக் கீழதான் கல்லு."

"கிணறு மூடிக் கிடக்கு. மருதோன்றியும் நாயுண்ணிப் பத்தையும் எல்லாம் ஒண்டா வெட்டிக் குவிச்சிருக்கு. எது எங்க நிண்டதெண்டு ஆரக் கேக்கிறது?" இயந்திரம் உறுமியது. "அந்தாளுக்குத் தெரியும்."

"எந்தாள்?"

"எந்தாளெண்டு உனக்குத் தெரியும். பள்ளிவாசல் சுவரில இருந்து எத்தனை அடி, எந்த மூலை எண்டு அவர் சொல்லுவார். எடுத்துக் கேளு."

"நான் கேக்கமாட்டன்."

"அப்ப அவர் கீறினதுதான் சரி. பத்தை" என்றார் ரஷீத். கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "நான் லைனில நிக்கிறன்."

ஹபீபா ரிசீவரைக் குசினி மேசையில் மல்லாத்தி வைத்தாள். கைத்தொலைபேசியை எடுத்தாள். அந்த இலக்கத்தை அழிக்கவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். அது யோகேசண்ணை என்ற பெயரில் அப்படியே இருந்தது. சுகம் விசாரிக்கக்கூடாது. மண்டபத்துக் கதையை எடுக்கக்கூடாது. மகளின் கலியாணம் நடந்ததா என்று கேட்கவே கூடாது. கல் எந்த மூலை என்று மட்டும் கேட்கவேண்டும். சொன்னால் நன்றி சொல்லவேண்டுமா என்று தீர்மானிக்க முடியவில்லை.

அழுத்தினாள். மணி போனது. போய்ப் போய் நின்றது. மறுபடி அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வீட்டில்தான் இருப்பார். திரையில் அவள் பெயர் எப்படி விழும் என்று யோசித்தாள். ஹபீபா என்றா, தங்கச்சி என்றா. அல்லது இலக்கம் மட்டுமா.

மேசையில் கிடந்த ரிசீவருக்குள்ளிருந்து, இயந்திரச் சத்தத்துக்கு மேலாக, ரஷீதின் குரல் சின்னதாக வந்தது.

"எடுத்தாரா?"

அவள் கைத்தொலைபேசியைக் காதோடு அழுத்தினாள். அதில் மணி போய்க்கொண்டிருந்தது.